திரையில் தெரிந்த இடது கை

சேவூர்,
3.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

லாவண்யா எழுதுவது. இங்கே அப்பா, கிரண் அண்ணன், நான் மூவரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். உன் முதுகுவலி தேவலையா? மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. என் போனை அண்ணன் வாங்கி வாங்கிப் பார்க்கிறான். உன் போனோ பாதி நேரம் மாமா கையில். மாமாவும் அண்ணனும் தினமும் பேசாவிட்டால் இருவருக்கும் சோறு இறங்காது. காகிதமென்றால் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடலாம் பார். என்னோடு பள்ளியில் படித்த அபிதகுசாம்பாள் இப்போது தையற்கடை வைத்திருக்கிறாள். பதிலை அவள் கடைக்கே போடு.

சேதி இதுதான். நம் ஊருக்குச் சினிமா வந்து போனது. கோயில் தெருவின் கடைசி ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, அப்பாவைக் கூப்பிட்டுத் தறி பூட்டச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கதை. பட்டு முதலாளியின் மகளுக்கும் அவரிடம் கூலிக்கு நெய்கிறவனுக்கும் காதல். ஊர் சும்மா விடுமா? பிரித்துவிடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலம் என்று சொல்லாமல் விட்டால் போன வாரம் நடந்தது என்றே நினைத்துக்கொள்ளலாம்.

கடைசி நாள் ஹீரோவும் ஹீரோயினும் கிளம்பிப் போன பிறகு ஒரு காட்சி பாக்கி இருந்தது. நெய்கிறவன் அவள் கையைப் பிடித்துத் தறியில் வைத்து நெய்யச் சொல்லித் தருகிறான். "கை மட்டும் தெரிஞ்சா போதும், இந்தப் பொண்ணு கை நல்லா இருக்கு" என்றார் டைரக்டர். அப்பா அன்று கண் காட்ட வேலூர் போயிருந்தார், அவருக்குப் பதில் நான்தான் தறியைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன். எனக்குக் கண்ணாடி வளையல் போட்டு உட்கார வைத்தார்கள். டைரக்டர் ஓயாமல் டீ குடித்தார், சர்க்கரையே இல்லாமல். அவருக்கு ஃபிளாஸ்க் தூக்க ஒரு தனி ஆள்!

கேமரா ஓடும்போது தறியில் பூட்டிய பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. எனக்கு எதுவும் நினைவில்லை. இடது கை தானாகப் போய் அறுந்த நுனிகளைப் பிணைத்துவிட்டது. "பிரமாதம்!" என்று டைரக்டர் கத்தினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முதலாளி மகளுக்குத் தறியே தெரியாது, அதுதான் கதை. அவள் எப்படி இழை பிணைப்பாள்? அதுவும் இடது கையால். சேவூரில் நொட்டாங்கையால் பிணைக்கிறவர்கள் அப்பாவும் நானும்தான். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் எழுது.

உன் தங்கை,
லாவண்யா

*

சூரத்,
14.7.2024

அன்புள்ள லாவண்யாவுக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் மாமாவும் சுகம். முதுகுவலி இருக்கத்தான் இருக்கிறது, அது என்னோடு குடித்தனம் நடத்துகிறது. அப்பாவின் கண்ணுக்கு டாக்டர் என்ன சொன்னார்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குக்கர் விசில் அடித்ததுகூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தேன். டைரக்டர் குடித்த டீயைப் பற்றி அத்தனை எழுதியிருக்கிறாய். ஃபிளாஸ்க் தூக்கியவனைக்கூட விடவில்லை. உன் கைமேல் கை வைத்தவன் யார் என்று மட்டும் ஒரு வரி இல்லை. ஹீரோ கிளம்பிப் போய்விட்டான் என்கிறாய். அப்படியானால் அந்தக் கை யாருடையது?

உன்னை நான் தூக்கி வளர்த்தவள். நீ எதை எழுதாமல் விட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

வேறு சாதிப் பையனை விரும்பிய அடுத்த தெருப் பெண்ணை மறந்துவிட்டாயா? அவள் பேரை எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை. வயிற்றுவலியில் செத்தாள் என்றார்கள். என்ன சாப்பிட்டாள் என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவசர அவசரமாக எரித்தார்கள். பாடைக்கு முன்னால் தோள் கொடுத்து நடந்தவர்களில் நம் கிரணும் ஒருத்தன். அன்று வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இட்டிலி கேட்டான். நான்தான் போட்டேன்.

உண்மையை எழுது. 

உன் அக்கா,
சுபலட்சுமி

*

சேவூர்,
25.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறேன். சின்னப் பிள்ளை மாதிரி தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

பேர் பிரவீண். வந்தவாசிப் பக்கம் கிராமம், ஜைனர் வீடு. அவர் அப்பா குந்துநாதன் விவசாயம் பார்க்கிறார். இவர் வந்தவாசியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அபிதா கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தபோது பழக்கம். இரண்டு வருஷம் ஆகிறது. திட்டாதே அக்கா. திட்டுவதென்றால் மெதுவாகத் திட்டு.

சினிமாக்காரர்களுக்கு அந்த ஓட்டு வீட்டைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். ஹீரோவின் கைக்குப் பதில் வெயிலில் கறுத்த கை வேண்டும் என்று டைரக்டர் சுற்றிலும் பார்த்து இவரைக் கூப்பிட்டார். எங்களைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. அவ்வளவு பேருக்கு நடுவில், அத்தனை வெளிச்சத்தில், முதல் தடவையாக என் கையைப் பிடித்தார். அவர் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தில்தான் இழை அறுந்தது.

இப்போது யோசித்துப் பார். படத்தில் நெய்கிறவனுக்கு இழை பிடிக்கத் தெரியவில்லை, முதலாளி மகள் கண்ணை மூடிக்கொண்டு பிணைக்கிறாள். சென்னையில் இதை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பட்டு நெய்கிற ஆரணியில் டீக்கடைக்கு டீக்கடை பேசுவார்கள்.

அவர்கள் வீட்டிலும் ஆரத்தி எடுக்கக் காத்திருக்கவில்லை. அவர் அம்மா கமலாவதிக்குத் தெரிந்தால் பட்டினி கிடப்பார்களாம். பட்டினியோடு நின்றால் பரவாயில்லை. நம் வீட்டை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. வயிறு என்று எழுதவும் பயமாக இருக்கிறது.

உனக்கு நல்ல தூக்கம் வரட்டும். எனக்கு வரவில்லை.

லாவண்யா

*

சூரத்,
19.8.2024

அன்புள்ள லாவண்யாவுக்கு,

நலமா? தாமதத்துக்குக் கோபிக்காதே. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

திட்டவில்லை. திட்டி என்ன ஆகப் போகிறது? அந்தப் பையனைச் சென்னைக்கு அனுப்பு. அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்லிக் காலில் விழச் சொல். நீ அவனைப் பார்க்காதே. கோயில், பஸ் ஸ்டாண்டு, அபிதா கடை எங்கும் வேண்டாம். தலையில் பூ அதிகமாக வைக்காதே. காரணமில்லாமல் சிரிக்காதே. கிரண் கூர்மையானவன்.

கூடப் பிறந்தவனுக்கு இப்படிப் பயப்படுகிறோமே என்று அழுகை வருகிறது. நான் கல்யாணமாகிக் கிளம்பிய அன்று ரயில் பின்னாலேயே ஓடி வந்தவன் அவன். அந்தக் கிரணையும் பாடை தூக்கிய கிரணையும் என்னால் ஒருத்தனாகச் சேர்க்க முடியவில்லை.

மாமா நேற்று, "உன் தங்கச்சிக்கு ஏதாச்சும் கடுதாசி போட்டுகினு இருக்கியா?" என்று கேட்டார். கைச்செலவுக் கணக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. நான் மறுபடி எழுதும்வரை நீ எழுதாதே.

சூடாகச் சாப்பிடு. பட்டினி கிடக்காதே.

சுபலட்சுமி

*

சேவூர்,
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்றுகூடத் தெரியவில்லை. நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

பிரவீண் சென்னை போனார். அந்தக் காட்சிதான் படத்துக்கே உயிராம். "ரெண்டு கையிலயும் எவ்வளோ காதல் தெரியுது பாருங்க!" என்று அந்த டைரக்டர் இவரிடமே சொல்லியிருக்கிறார். இவர் என்ன சொல்வார்? திரும்பி வந்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை டிரெய்லர் வந்தது. கண் இமைக்கிற நேரம்தான், எங்கள் கைகள் வந்து போகின்றன. கிரண் அண்ணன் அதை நிறுத்தி, பெரிதாக்கி, மறுபடி ஓட்டினான். "அப்பா, நீ பூட்டின தறி வருது பாரு!" என்று சந்தோஷமாகத்தான் கத்தினான். அப்புறம் சிரித்தான். "இன்னாபா இது, அந்தப் பொண்ணும் நொட்டாங்கை!" என்றான். சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

அப்பா போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை நான் தறியில் உட்காரப் போனால், "இனிமே நீ தறியாண்ட வராத" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா கேளு" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து இழை அறுந்தாலும் என்னைக் கூப்பிடுவதில்லை. கண் சரியாகத் தெரியாமல் அவரே தடவித் தடவிப் பிணைக்கிறார். என் கையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கிரண் அடித்தால்கூட வலிக்காது அக்கா, அப்பா இப்படி இருப்பது தாங்கவில்லை.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். ஏதாவது செய்.

லாவண்யா

*

சூரத்,
29.10.2024

லாவண்யா,

நலம். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன், துணைக்கு ஆள் வேண்டும் என்று கிரணிடம் போனில் சொல்லப் போகிறேன். கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை, நீ பதறாதே. மாமாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பாவம், எனக்குக் கஞ்சி வைத்துத் தருகிறார். பொய் சொல்லி அந்தக் கஞ்சியைக் குடிக்கிறேன்.

துணிமணியை எடுத்து வைக்காதே, கண்ணில் படும். கூப்பிட்டால் உடுத்திய துணியோடு கிளம்பு. தைரியமாக இரு.

சுபலட்சுமி

*

சேவூர்,
18.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வயிற்றுக்கட்டி எப்படி இருக்கிறது? சிரிக்க வைக்கத்தான் கேட்டேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

நீ போன் செய்ததை அண்ணன் சொன்னான். "படம் பாத்துட்டுப் போவட்டும். ரிலீஸுக்கு எல்லாருக்கும் டிக்கெட் போட்டுகினு கீறேன்" என்றான். தெருவில் பாதிப் பேருக்கு அவன்தான் டிக்கெட் எடுத்திருக்கிறான். ஊரே நம் தறியைப் பார்க்க வேண்டுமாம். என்னை அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் உட்கார வைக்கப் போகிறானாம்.

அதோடு கண்ணமங்கலத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறான். தையில் கல்யாணம் என்கிறான். நேற்று சோறு வேண்டாம் என்றேன். "ஏன், வயித்து வலியா? வலி யாருக்கு வேணாலும் வரும்" என்று சிரிக்காமல் சொன்னான். அவன் எதிரில் உட்கார்ந்து முழுத் தட்டும் சாப்பிட்டேன். அவன் போட்ட குழம்பை அவனும் ஊற்றிக்கொண்ட பிறகுதான் கை வைத்தேன்.

எப்படியாவது படம் வருகிற டிசம்பர் ஆறாம் தேதிக்குள் என்னைக் கூப்பிட்டுக்கொள்.

லாவண்யா

*

சூரத்,
27.11.2024

லாவண்யா,

மூன்று தடவை போன் செய்துவிட்டேன். அவன் விடமாட்டேன் என்கிறான். நான் அழுததற்கு, "ஆபரேஷனத் தள்ளிப் போடுக்கா" என்கிறான்.

தியேட்டரில் அந்தக் காட்சி வரும்போது கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள். முகத்தை அசைக்காதே. படம் முடிந்ததும் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா

*

சேவூர்,
7.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீ கேட்ட வரி இதுதான். மீதியையும் எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நேற்று காலைக் காட்சி. தியேட்டர் முழுக்க நம் ஆட்கள். அண்ணன் சொன்னபடியே என்னை நடுவில் உட்கார வைத்தான். தறி வந்ததும் விசில் பறந்தது. பிறகு அந்தக் காட்சி. போனில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, கதவு அகலத்துக்கு என் கை! அவர் கை நடுங்குவதும், இழை அறுவதும், என் இடது கை ஓடி வந்து பிணைப்பதும் அத்தனை துல்லியம்.

பின்னாலிருந்து நம் தெரு ராஜவேலு கத்தினார். "டேய், நெய்யறவனுக்கு இழை புடிக்கத் தெரியல! முதலாளி பொண்ணு பிணைச்சிகினு கீது!" தியேட்டரே சிரித்தது. இன்னொரு குரல், "அதுவும் நொட்டாங்கையால! நம்ப முருகேசன் வீட்டுக் கைடா அது!" என்றது. சிரிப்பு அடங்கிப் போயிற்று. அண்ணன் மெல்ல என் பக்கம் திரும்பினான். என் கைகள் முந்தானைக்குள் செத்துக் கிடந்தன. மூச்சு விட்டால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது.

அப்பா எழுந்து நின்றார்.

"ஆமாண்டா, என் கைதான்! பொம்பள ஆளு கெடைக்கலன்னு என் கையில வளையல மாட்டி எடுத்தானுங்கோ. போதுமா? ஒக்காந்து படத்தப் பாருங்க!"

அக்கா, கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். "முருகேசா, மூக்குத்தி எங்க?" என்றார்கள். "ஹீரோயினு, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றார்கள். வாழ்நாளில் ஒருத்தரிடம் ஒரு சொல் கேட்காத மனுஷன், அத்தனை கேலிக்கும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்திக் கண்ணாடி வளையல் வாங்கினான். கதவைச் சாத்திவிட்டு அப்பா முன்னால் வைத்தான்.

"போடு பாக்கலாம்."

அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார். இடது கையைக் குவித்து முதல் வளையலைத் தள்ளினார். உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. கண்ணாடி சதையில் ஏறி ரத்தம் வழிந்தது. நான் கத்தியதை அவர் காதிலேயே வாங்கவில்லை. அந்த ரத்தத்தின் வழுக்கலிலேயே அடுத்த வளையலை மணிக்கட்டுக்கு ஏற்றிக் கையை அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அன்னிக்கும் இப்பிடித்தான் போட்டாங்கோ. பாத்துட்டியா?"

"அந்த இன்னொரு கை யார்து?"

"எவனோ. அவன் புடிச்சது என் கையடா. வந்து என்னையா கட்டிக்கப் போறான்?"

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று தெரியவில்லை. கட்டுப் போட்டுவிட்டேன். கண்ணாடித் தூள் உள்ளே இருக்கிறதோ என்னவோ, விரல்களை மடக்க வரவில்லை. என்னைத் தறிப் பக்கம் வராதே என்றது கோபத்தில் என்று நினைத்தேனே அக்கா. ஊரார் கண்ணில் என் இடது கை படக்கூடாது என்று அன்றைக்கே மறைத்திருக்கிறார். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டுப் போட்டு முடித்ததும், "செருப்பப் போட்டுக்கோ. அபிதா கடைக்குப் போயிரு" என்றார்.

அபிதா கடையிலிருந்துதான் எழுதுகிறேன். உன் உடம்பு ஜாக்கிரதை.

லாவண்யா

*

சேவூர்,
17.12.2024

மகள் சுபலட்சுமிக்கு அப்பா முருகேசனின் ஆசீர்வாதம். நீயும் மாப்பிள்ளை கமலக்கண்ணனும் சௌக்கியமா? நான் சௌக்கியம். நான் யாருக்கும் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். வலது கையால் எழுதுகிறேன், கோணலாக வருகிறது.

அபிதாவும் அவள் வீட்டுக்காரரும் சின்னவளைக் காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பையனும் அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறினான் என்றார்கள். இந்நேரம் உன்னிடம் வந்திருப்பார்கள். உன் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறாள் என்று கிரணிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பவில்லை. சினிமாக்காரர்களிடம் விசாரித்து வந்தவாசிக்கு இரண்டு தடவை போய் வந்தான். அடுத்து உன் வீட்டுக்குத்தான் வருவான். அதற்குள் அவர்களை வேறெங்காவது அனுப்பிவிடு.

எங்கே என்று எனக்கு எழுதாதே. எனக்குத் தெரிந்தால் அவன் கேட்கிற கேள்வியில் சொல்லிவிடுவேன். அன்று தியேட்டரில் வந்த தைரியம் எனக்கு எப்போதும் வராது. அவன் வண்டிச் சத்தம் கேட்டாலே இப்போது நான் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன். பெற்ற பிள்ளைதான். இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. அபிதா கடைக்கும் போடாதே, அங்கேயும் போய்க் கேட்டுவிட்டான்.

அந்தப் பையனுக்கு இழை பிடிக்கத் தெரியவில்லை. அது போகட்டும். கை நடுங்கினாலும் விடாமல் பிடித்திருந்தான், அதைப் பார்த்தேன் என்று அவளிடம் சொல்.

தெருவில் என்னை வளையல் முருகேசன் என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். கூப்பிடுகிறவரைக்கும் அவள் கை என்று நினைக்கமாட்டார்கள். விரல் இரண்டு மடங்கவில்லை. தறியை நிறுத்தி வைத்திருக்கிறேன். டாக்டர் போகப் போகச் சரியாகும் என்கிறார்.

தறி இல்லாததால் பகலில் சும்மா இருக்கிறேன். தினமும் மதியக் காட்சிக்குப் போகிறேன். டிக்கெட் கொடுக்கிறவன், "இன்னா முருகேசா, ஒன் கையப் பாக்க வந்தியா?" என்று சிரிக்கிறான். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். கண் மங்கல், முன் வரிசையில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த இடம் வந்து, அவள் இழையைப் பிணைத்து முடித்ததும் எழுந்து வந்துவிடுவேன். சின்னவளை அங்கே மட்டும்தான் பார்க்க முடிகிறது. வியாழக்கிழமையோடு படத்தை எடுத்துவிடுகிறார்களாம்.

இப்படிக்கு,
முருகேசன்